நம்பக இடைவெளியும் கரிமக் காலக்கணிப்பும்: ± குறி உணர்த்தும் பொருள்

தமிழக அகழாய்வுகள் தொடர்பான கரிமப் பகுப்பாய்வு முடிவுகள் இரு வடிவங்களில் வழங்குகின்றன. ஆய்வகம் தரும் அறிக்கையில் அவை ‘2450 ± 30’ என்பது போன்ற எண்ணாகவும், அதனைத் தொடர்ந்து சில நூற்றாண்டுகளைத் தழுவிய கால எல்லையாகவும் அமைந்திருக்கும். அங்கிருந்து நாளிதழுக்கும் மேடைக்கும், பல வேளைகளில் ஆய்வுக் கட்டுரைக்கும் வந்து சேரும்பொழுது அவை ஒற்றை ஆண்டாகச் சுருங்கிவிடுகின்றன. கீழடி என்றதும் கி.மு. 580, பொருந்தல் என்றதும் கி.மு. 490 என்று நினைவில் பதிந்துவிட்ட எண்கள் இவ்வாறு சுருங்கியவையே. இச்சுருக்கத்தில் மறைந்துபோவது புள்ளியியலார் ‘நம்பிக்கை இடைவெளி’ அல்லது ‘நம்பக இடைவெளி’ என்று குறிப்பிடும் அளவாகும். அவ்வளவு எதனை உறுதிசெய்கிறது, எதனை உறுதிசெய்வதில்லை என்பதை அறியாமல் தமிழ் எழுத்தின் தொன்மை குறித்த விவாதத்தில் ஓர் எண்ணை முன்வைப்பதும் மறுப்பதும் ஒருசேரப் பயனற்றவை. தொல்லியல் சான்றுகளைப் பயன்படுத்தும் தமிழாய்வாளர்க்கு அவ்வளவின் பொருளை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

கலைச்சொல் இங்கு இருவகையில் தடுமாற்றம் தருகிறது. பொது வழக்கில் ‘இடைவெளி’ என்பது இரு பொருள்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம். கணக்கியலிலோ அது இரு எல்லைகளுக்கு உட்பட்ட எண்களின் தொகுதி. தேடப்படும் மதிப்பு அதற்குள் இருக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அடுத்து, ‘நம்பிக்கை’ என்னும் சொல் நம்புகின்றவரின் மனநிலையைச் சுட்டுவது. ‘நம்பகம்’ என்பது நம்பப்படும் பொருளின் தன்மையைச் சுட்டுவது. இக்கோட்பாட்டை உருவாக்கியவர் கருதியது பின்னதையே. ஆய்வாளர் தம் முடிவின்மீது எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறார் என்பதற்கும் 95 விழுக்காடு என்ற எண்ணுக்கும் தொடர்பில்லை. அது அவர் கையாண்ட முறையின் நம்பகத்தை அளப்பது. ஆதலின் ‘நம்பக இடைவெளி’ என்ற வழக்கே இங்குக் கொள்ளப்படுகிறது.

யெர்சி நெய்மன் 1934ஆம் ஆண்டு இலண்டனில் இராயல் புள்ளியியல் கழகத்தின் முன் படித்த கட்டுரையில் இக்கருத்தை வெளியிட்டார். 1937இல் இராயல் சொசைட்டியின் இதழில் அதனை முழுக் கோட்பாடாக விரித்தார். முதற் கட்டுரையின்மீது நடந்த உரையாடலில் ஆர்தர் பௌலி, இந்த நம்பகம் என்பது நம்பவைத்து ஏமாற்றும் வித்தையோ என்ற ஐயம் தமக்கு இருப்பதாகக் கூறினார். ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் ஒரே சொல் குறிப்பதால் அமைந்த சிலேடை அது. சிலேடைக்கு அடியில் இருந்த வினா வலிமையானது: கையில் உள்ள இந்த ஒரு மாதிரியைக் கொண்டு, உண்மை மதிப்பு இந்த எல்லைகளுக்குள் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று இம்முறை சொல்கிறதா? சொல்லவில்லை என்பதே பௌலியின் கருத்து. நெய்மனின் கோட்பாடும் அதனைச் சொல்வதாகக் கூறிக்கொள்ளவில்லை.

அக்கோட்பாட்டின்படி உண்மை மதிப்பு நிலையானது. அறியப்படாதது என்பதைத் தவிர அதில் எவ்வகை அசைவும் இல்லை. அசைவது இடைவெளிதான். ஒரு மாதிரியை எடுத்து அளந்தால் ஓர் இடைவெளி கிடைக்கும். வேறொரு மாதிரியை எடுத்திருந்தால் சற்று விலகிய மற்றோர் இடைவெளி கிடைத்திருக்கும். திருவிழாக் கடையில் நட்ட குச்சியின்மீது வளையம் எறியும் விளையாட்டை இதற்கு ஒப்பிடலாம். குச்சி அசைவதில்லை, வளையம் ஒவ்வொரு முறையும் ஓரிடத்தில் விழுகிறது. நூறு எறிகளில் ஏறத்தாழ 95 முறை குச்சியைச் சூழ விழுமாறு எறியத்தக்க கை, 95 விழுக்காட்டு நம்பகம் உடைய கை. ஆனால் எறிபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு முறை எறிகிறார்; வளையம் எங்கே விழுந்தது என்பது தெரியும், குச்சி எங்கே இருக்கிறது என்பது தெரியாது. விழுந்துவிட்ட அந்த வளையம் குச்சியைச் சூழ்ந்திருக்கிறது, அல்லது சூழவில்லை. அதற்கு 95 விழுக்காடு என்ற பேச்சு இல்லை. எண் கையின் திறத்துக்கு உரியது.

எண்ணிக்கை ஆய்வில் இடைவெளி

காலக்கணிப்புக்குச் செல்லுமுன் தமிழாய்வுக்குப் பழக்கமான எண்ணிக்கை ஒன்றில் இதனைக் காண்பது எளிது. ஒரு மண்டலத்தில் பல்லாயிரம் கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுள்ளன எனவும், அவற்றுள் நந்தா விளக்குக் கொடையைக் கூறுவன எத்தனை விழுக்காடு என்று ஓர் ஆய்வாளர் அறிய விரும்புகிறார் எனவும் கொள்வோம். அனைத்தையும் படிக்க இயலாமையால் குலுக்கல் முறையில் 400 கல்வெட்டுகளைத் தேர்கிறார். அவற்றுள் 120 விளக்குக் கொடையைக் கூறுகின்றன. மாதிரியின் விகிதம் 30 விழுக்காடு. திட்டப் பிழையைக் காண, 0.30ஐ 0.70ஆல் பெருக்கி 400ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.023 கிடைக்கும். இதனை 1.96ஆல் பெருக்க 4.5 விழுக்காடு. எனவே 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி 25.5 முதல் 34.5 வரை. இதன் அகலத்தைப் பாதியாக்க 800 கல்வெட்டுகள் போதா, 1,600 வேண்டும். துல்லியம் மாதிரி அளவின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளர்கிறது.

இக்கணக்கு முழுவதும் ‘குலுக்கல் முறையில்’ என்ற தொடரின்மீது நிற்கிறது. 400 கல்வெட்டுகளும் ஒரே கோயிலிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் சூத்திரம் அதே விடையைத் தரும்; விடைக்குத்தான் பொருள் இராது. ஒரு கோயிலின் கல்வெட்டுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் இயல்புடையன. அங்கு 400 என்பது புள்ளியியல் நோக்கில் மிகச் சிறிய எண்ணாகச் சுருங்கிவிடும். மறுதலையாக, திருக்குறளின் 1,330 குறள்களையும் எண்ணி ஒரு சொல்லின் வருகையைக் கூறுபவர்க்கு நம்பக இடைவெளி தேவையில்லை. அங்கு மாதிரி என்பதே இல்லை, முழுத்தொகுதியும் எண்ணப்பட்டுவிட்டது. சங்க நூல்களின் நிலை வேறு. எஞ்சியுள்ள பாடல்களை முழுமையாக எண்ணலாம். ஆனால் அவை அழிந்துபோனவற்றின் சமவாய்ப்பு மாதிரி அல்ல. தொகுத்தோரின் தெரிவும் கறையானின் பசியும் குலுக்கல் ஆகா. எஞ்சியவற்றைக் கொண்டு அழிந்தவற்றுக்கு நம்பக இடைவெளி வகுக்க முயலும் கட்டுரை எவ்வளவு நுட்பமான கணக்கைக் கையாண்டாலும் அடித்தளம் இல்லாதது.

‘காணப்படவில்லை’ என்ற முடிவுக்கும் இடைவெளி உண்டு என்பது பலர் கருதாத செய்தி. குலுக்கல் முறையில் எடுத்த 300 ஆவணங்களில் ஒரு சொல் ஒருமுறையும் வரவில்லையெனில் அதன் விகிதம் சுழியம் என்று ஆகிவிடாது. 3ஐ மாதிரி எண்ணிக்கையால் வகுக்க வருவதே ஏறத்தாழ 95 விழுக்காட்டு மேல் எல்லை. அதன்படி அச்சொல் நூற்றில் ஓர் ஆவணம் வரை வழங்கியிருக்கக் கூடும். 30 ஆவணங்கள் மட்டுமே பார்க்கப்பட்டிருந்தால் பத்தில் ஒன்று வரை. இன்மையைச் சான்றாகக் கொண்டு ‘இச்சொல் அக்காலத்தில் இல்லை’ என்று வாதிடுவோர் எத்தனை ஆவணங்களைப் பார்த்தனர் என்று முதலில் கேட்கவேண்டியதன் காரணம் இதுவே.

± 30 தோன்றும் விதம்

உயிருள்ள மரமும் நெல்லும் வளிமண்டலத்திலிருந்து கரிமத்தை ஏற்கின்றன. அதில் மிகச் சிறு பங்கு கதிரியக்கம் உடைய கரிமம்-14. உயிர் நீங்கியபின் புதிய வரவு இல்லாமையால் அப்பங்கு சீராகக் குறைந்துகொண்டே வருகிறது. எஞ்சியுள்ள பங்கை அளந்தால் உயிர் நீங்கிய காலத்தை அறியலாம் என்பது வில்லர்டு லிபியும் அவர் குழுவினரும் சிக்காகோவில் 1940களின் இறுதியில் நிறுவியது. அதற்காக 1960இல் லிபிக்கு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இன்றைய முடுக்கி நிறை நிறமாலைமானி கரிமம்-14 அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. எண்ணப்படுவது மாதிரியில் உள்ள அணுக்கள் அனைத்தும் அல்ல. தற்செயலாகக் கருவியை வந்தடையும் ஒரு பகுதியே. ஆதலின் அளவீடும் ஒரு மாதிரியெடுப்புத்தான். ஓர் இலட்சம் அணுக்கள் எண்ணப்பட்டால் அதன் திட்டப் பிழை அவ்வெண்ணின் வர்க்கமூலமான 316, அதாவது 0.316 விழுக்காடு. காலக்கணிப்பில் வழங்கும் சராசரி ஆயுளான 8,033 ஆண்டுகளால் இதனைப் பெருக்கினால் ஏறத்தாழ 25 ஆண்டுகள். இதனுடன் ஒப்பீட்டுப் பொருள், பின்னணி ஆகியவற்றின் பிழைகளும் சேர்ந்து ± 30 போன்ற எண் உருவாகிறது. கல்வெட்டு மாதிரியில் கண்ட அதே வர்க்கமூல விதி இங்கும் ஆட்சி செய்கிறது.

இந்த ± ஒரு திட்டப் பிழையை மட்டுமே குறிக்கும் என்பது கருதத்தக்கது. 2450 ± 30 என்றால் 2420க்கும் 2480க்கும் இடைப்பட்டது என்று படிப்பவர் 68 விழுக்காட்டு இடைவெளியைப் படிக்கிறார். மூன்றில் ஒரு முறை அத்தகைய இடைவெளி உண்மையைத் தவறவிடும். 95 விழுக்காட்டு நம்பகம் வேண்டின் ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது 2390 முதல் 2510 வரை கொள்ளவேண்டும். மேலும் இவை ‘இன்றைக்கு முன்’ என்ற அளவில் அமைந்த ஆண்டுகள். அங்கு ‘இன்று’ என்பது 1950ஆம் ஆண்டு. ஆனால் 2450இலிருந்து 1950ஐக் கழித்துக் கி.மு. 500 என்று எழுதுவது பிழை. ஆய்வகம் தரும் ‘வழக்குக் கரிம வயது’ என்பது, வளிமண்டலத்தில் கரிமம்-14 என்றும் ஒரே அளவில் இருந்தது என்ற எடுகோளுடனும், லிபி கையாண்ட 5,568 ஆண்டு அரைவாழ்வுக்காலத்துடனும் கணக்கிடப்படும் மரபெண். எடுகோளும் உண்மையன்று, பின்னர் அளக்கப்பட்ட அரைவாழ்வுக்காலமோ 5,730 ஆண்டுகள். ஆய்வகங்கள் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்க எண்களைத் தருவதற்காகவே பழைய மரபு தொடர்கிறது. அதனை நாட்காட்டி ஆண்டாக்க அளவுத்திருத்தம் தேவைப்படுகிறது.

தூரின் துணி: மூன்று ஆய்வகங்களின் அளவீடு

இயேசுவின் உடலைப் போர்த்தியது என்ற மரபு வழங்கும், இத்தாலியின் தூரின் நகரத்துத் துணி 1988இல் மூன்று ஆய்வகங்களில் அளக்கப்பட்டது. முடிவுகள் 1989இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தன. அரிசோனா 646 ± 31, ஆக்ஸ்ஃபோர்டு 750 ± 30, சூரிச் 676 ± 24 என்ற வயதுகளைத் தந்தன. பிழைக்கேற்ப எடையிட்டுச் சராசரி கண்டால் 689 ± 16. மூன்று அளவீடுகள் சேர்ந்ததால் பிழை பாதியளவாகக் குறைந்துள்ளது. மேலோட்டமாக நோக்கின் இது மகிழத்தக்கது.

ஆயினும் அரிசோனாவுக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் உள்ள வேறுபாடு 104 ஆண்டுகள். இரு பிழைகளையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் வேறுபாட்டின் திட்டப் பிழை 43. வேறுபாடு அதனைப்போல் இரு மடங்குக்கும் மேல். தற்செயல் ஒன்றால் மட்டும் இத்தகைய சிதறல் தோன்றுவது அரிது. உடன் அளக்கப்பட்ட பிற பழந்துணிகளில் ஆய்வகங்கள் ஒத்துப்போயின. இத்துணியில் மட்டும் சிதறல் மிகுதி. இதனை உணர்ந்த ஆசிரியர்கள் ± 16 என்ற குறுகிய பிழையைக் கைவிட்டு, எடையிடாத சராசரியான 691 ± 31ஐ எடுத்துக்கொண்டனர். அளவுத்திருத்தத்துக்குப்பின் 95 விழுக்காட்டு எல்லை இரு துண்டுகளாக அமைந்தது: கி.பி. 1262 முதல் 1312 வரையும், 1353 முதல் 1384 வரையும். இதனை வெளிப்புறமாக முழுமையாக்கி 1260–1390 என்று அறிவித்தனர்.

கணக்கு குறுகிய இடைவெளியைத் தரும்பொழுது அதனை ஏற்காமல் அகலமானதைத் தேர்ந்தது ஒரு நல்ல முன்மாதிரி. இடைவெளி இரு துண்டாக உடையக்கூடும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது; இரு துண்டுகளுக்கும் நடுவே உள்ள 1330 என்ற ஆண்டு ‘சராசரி’ போலத் தோன்றினாலும் அது எல்லைக்கு வெளியே நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. மூன்று ஆய்வகங்களும் அளந்தவை துணியின் ஒரு மூலையிலிருந்து வெட்டிய ஒரே பட்டையின் பகுதிகள். பின்னாளில் எழுந்த விவாதங்களில் ஒரு பகுதி அந்த மூலை முழுத்துணியின் மாதிரியாகுமா என்பதைப் பற்றியது. அவ்வினாவுக்கு எந்த ± எண்ணும் விடை தருவதில்லை. ஒரு கோயிலின் 400 கல்வெட்டுகள் பற்றிய இடரும் இதுவேயாகும்.

கி.மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்ட தட்டைப்பகுதி

வயது அறிந்த மரவளையங்களின் கரிமம்-14ஐ அளந்து உருவாக்கப்பட்டது அளவுத்திருத்த வளைகோடு. வட அரைக்கோளத்துக்கு 2020இல் வெளியான ‘இன்ட்கால்20’ வழக்கில் உள்ளது. அவ்வளைகோடு சீராக இறங்கிச் செல்வதில்லை. சில காலப்பகுதிகளில் செங்குத்தாக இறங்குகிறது. சிலவற்றில் ஏறித் தாழ்கிறது. ஏறத்தாழ கி.மு. 800 முதல் கி.மு. 400 வரை அது பெரும்பாலும் தட்டையாகக் கிடக்கிறது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பெயரால் இது ஹால்ஸ்டாட் தட்டைப்பகுதி எனப்படுகிறது.

இதன் காரணம் புரிதற்கரியதன்று. அந்நூற்றாண்டுகளில் வளிமண்டலத்தின் கரிமம்-14 பங்கே குறைந்துகொண்டு வந்தது. கி.மு. 700இல் வாழ்ந்த மரம் மிகுதியான பங்குடன் தொடங்கி நீண்ட காலம் இழந்தது; கி.மு. 450இல் வாழ்ந்த மரம் குறைந்த பங்குடன் தொடங்கிக் குறுகிய காலம் இழந்தது. இன்று அளக்கும்பொழுது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கின்றன. ஆகவே 2450 ± 30 என்ற அளவீடு, வயது அளவில் 120 ஆண்டு அகலமே உடையதாயினும், நாட்காட்டி அளவில் ஏறத்தாழ கி.மு. 750 முதல் கி.மு. 410 வரை விரிந்துவிடுகிறது. கருவியைச் செம்மைப்படுத்தி ± 30ஐ ± 15 ஆக்கினும் இவ்விரிவு பெரிதும் சுருங்குவதில்லை. தடை கருவியில் இல்லை, அக்காலத்து வளிமண்டலத்தில் இருக்கிறது.

தமிழகத் தொல்லியலின் பெருவினாக்கள் சில இந்தத் தட்டைப்பகுதியின்மீதே விழுகின்றன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட கீழடி அறிக்கையின்படி, நான்காம் கட்ட அகழாய்வின் ஆறு கரி மாதிரிகள் அமெரிக்காவின் பீட்டா பகுப்பாய்வகத்தில் அளக்கப்பட்டன, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது கி.மு. 580ஐயும், 200 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது கி.மு. 205ஐயும் காட்டின. பழனிக்கு அருகில் உள்ள பொருந்தலில், தமிழ்-பிராமி பொறித்த பானைத் தாங்கி கிடைத்த ஈமச்சின்னத்திலிருந்து எடுத்த நெல்லின் காலம் கி.மு. 490 எனப்பட்டது. 580, 490 ஆகிய இரண்டும் தட்டைப்பகுதிக்குள் உள்ளவை. அப்பகுதியைச் சேர்ந்த எந்த மாதிரிக்கும் ஒற்றை ஆண்டு என்பது நீண்ட கால எல்லை ஒன்றின் அடையாளப் புள்ளியேயன்றி, அவ்வாண்டே பிற ஆண்டுகளினும் ஏற்புடையது என்பதன் அறிவிப்பு அன்று.

இதனால் தொன்மைக்கான சான்று வலுவிழந்துவிடுகிறது என்று முடிவுகட்டுவது மறுபக்கத் தவறு. வினாவைப் பொறுத்தே இடைவெளியின் போதுமை அமைகிறது. அசோகரின் கல்வெட்டுகள் கி.மு. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. கி.மு. 750–410 என்ற எல்லை எவ்வளவு அகலமாயினும் முழுவதும் அசோகருக்கு முற்பட்டது. ‘இம்மாதிரி அசோகருக்கு முந்தியதா?’ என்ற வினாவுக்கு அது ஐயமின்றி விடை தருகிறது. ‘ஆறாம் நூற்றாண்டினதா, ஐந்தாம் நூற்றாண்டினதா?’ என்ற வினாவுக்கு அதனிடம் விடை இல்லை. இதற்கு மாறாக 2200 ± 30 என்ற வயது, ஏறத்தாழ கி.மு. 370 முதல் கி.மு. 170 வரை என்ற குறுகிய எல்லையைத் தருகிறது. அகலம் குறைந்திருந்தும் அது அசோகர் காலத்தின் இருபுறமும் பரவுவதால் முதல் வினாவுக்கும் விடை தராது. ஒற்றை ஆண்டை எழுதுபவர் தம்மிடம் உள்ள வலிய கூற்றை மறைத்து, இல்லாத துல்லியத்தை முன்னிறுத்துகிறார். மறுப்பவர்க்கு அத்துல்லியமே எளிய இலக்காகிவிடுகிறது.

அளவுத்திருத்தம் பெற்ற எல்லை, கண்டிப்பாகப் பார்த்தால், நெய்மனின் நம்பக இடைவெளி அன்று. ஆக்ஸ்ஃபோர்டில் உருவான ‘ஆக்ஸ்கால்’ போன்ற நிரல்கள் பேய்சிய முறையைப் பின்பற்றுகின்றன. அளக்குமுன் எல்லா ஆண்டுகளும் சமவாய்ப்புடையன என்று கொண்டு, அளவீட்டின்பின் ஒவ்வோர் ஆண்டுக்கும் உரிய நிகழ்தகவைக் கணித்து, 95.4 விழுக்காட்டை உள்ளடக்கும் ஆண்டுகளைத் தொகுத்துத் தருகின்றன. நெய்மன் மறுத்த ‘இவ்வெல்லைக்குள் இருக்கும் நிகழ்தகவு’ என்ற பேச்சு இங்குச் செல்லும். அதற்கு விலையாக முற்கோள் ஒன்றை ஏற்கவேண்டியிருக்கிறது. பௌலி கேட்ட வினாவுக்கு விடை வேண்டுமெனில் இவ்விலையைத் தராமல் தீராது.

இடைவெளிக்குள் அடங்காதவை

± என்ற குறி தற்செயல் பிழையை மட்டுமே அளக்கிறது. அளக்கப்பட்டது கரித்துண்டு எனில், அதன் வயது அம்மர வளையம் வளர்ந்த காலமேயன்றி மரம் எரிந்த காலமன்று. நெடுநாள் வாழ்ந்த மரத்தின் வைரப்பகுதி, அதனை வெட்டிய காலத்தினும் ஒரு நூற்றாண்டோ அதற்கு மேலோ முந்தியதாக இருக்கக்கூடும். பழைய உத்தரத்தை மீண்டும் பயன்படுத்திப் பின்னர் விறகாக்கியிருந்தால் இடைவெளி இன்னும் கூடும். நெல் போன்ற ஓராண்டுப் பயிருக்கு இவ்விடர் இல்லை. பொருந்தல் மாதிரியின் சிறப்பு அது தரும் ஆண்டில் இருப்பதைவிட அது நெல் என்பதில் இருக்கிறது.

கரித்துண்டுக்கும் எழுத்துப் பொறித்த பானையோட்டுக்கும் உள்ள உறவு மற்றொன்று. இரண்டும் ஒரே மண்ணடுக்கில் கிடைத்தன என்பதிலிருந்து ஒரே காலத்தவை என்ற முடிவு, குழியும் எலிவளையும் வேரும் அவ்வடுக்கைக் கலைக்கவில்லை என்பதைச் சார்ந்தது. இதற்குச் சான்று அகழாய்வாளரின் வரைபடத்திலும் குறிப்பேட்டிலும் இருக்கிறது, மயாமியில் இல்லை. ± 30 என்ற எண்ணின் துல்லியம் இவ்வுறவின் துல்லியமாக மாறிவிடுவதுபோல் எழுதப்படும் பத்திகள் தமிழாய்வில் அரியன அல்ல.

இரு காலங்களை ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். ஓர் இடத்தில் 2450 ± 30, மற்றோர் இடத்தில் 2370 ± 30 எனக் கொள்வோம். ± எண்களை நேரே படித்தால் முதலாவது 2420–2480, இரண்டாவது 2340–2400. ஒன்றையொன்று தொடவில்லை, ஆதலின் முதலிடம் மூத்தது என்று தோன்றும். வேறுபாடு 80, அதன் திட்டப் பிழை 42, 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி −3 முதல் 163 வரை. சுழியமும் இதற்குள் இருப்பதால் எவ்விடம் மூத்தது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. இவ்விரு வயதுகளும் தட்டைப்பகுதியை ஒட்டியவை என்பதால் நாட்காட்டி ஆண்டில் நிலை இன்னும் தெளிவற்றது.

பல மாதிரிகளுள் மூத்ததைத் தெரிந்தெடுத்து அறிவிக்கும் வழக்கமும் கணக்கில் ஒரு சாய்வைப் புகுத்துகிறது. ஒரே நாளில் வெட்டிய ஒரே மரத்தின் புறவளையத்திலிருந்து ஆறு துண்டுகளை ± 30 பிழையுடன் அளந்தாலும் ஆறு வேறு எண்கள் வரும். அவற்றுள் மூத்தது சராசரியாக 38 ஆண்டு கூடுதலான வயதைக் காட்டும். தொன்மை அங்குக் கண்டறியப்படவில்லை, தெரிந்தெடுப்பால் விளைந்தது. ஆறு தனித்தனி 95 விழுக்காட்டு இடைவெளிகளுள் ஒன்றேனும் உண்மையைத் தவறவிடும் வாய்ப்பு 26 விழுக்காடு. இருபதாயின் 64 விழுக்காடு. ஆறு மாதிரிகள் அளக்கப்பட்டால் ஆறின் முடிவுகளையும் ஆழ வரிசையில் தருவதே முறை. மேலடுக்கில் இளையதும் கீழடுக்கில் மூத்ததும் சீராக அமைந்திருப்பின் அவ்வொழுங்கு தனி எண் எதனைக் காட்டிலும் வலிய சான்றாகும்.

கரிம அளவீடுகளை வெளியிடும் முறைக்கு 1977இல் ஸ்டூவரும் போலாக்கும் வகுத்த நெறி இன்றும் அடிப்படையாக உள்ளது. தமிழ்க் கட்டுரையில் ஒரு காலத்தை மேற்கோள் காட்டும்பொழுது ஆய்வக எண், மாதிரியின் பொருள், கிடைத்த அடுக்கு, ± குறியுடன் கூடிய வயது, கையாண்ட வளைகோடு ஆகியவற்றை ஒரே தொடரில் தந்துவிடலாம், 95.4 விழுக்காட்டு எல்லை பல துண்டாயின் எல்லாத் துண்டுகளும் இடம்பெற வேண்டும். வளைகோடுகள் சில ஆண்டுகளுக்கொருமுறை புதுப்பிக்கப்படுவதால், மூல வயது அச்சில் இருந்தால் மட்டுமே பின்வரும் ஆய்வாளர் அதனை மீண்டும் திருத்திக்கொள்ள முடியும். ஒற்றை ஆண்டாக அச்சேறிய முடிவு மீட்க இயலாதது.

தட்டைப்பகுதியைக் கடக்க வழி இல்லாமல் இல்லை. வளையங்கள் தெளிவாக உள்ள ஒரு மரத்துண்டில், ஒன்றுக்கொன்று எத்தனை ஆண்டு இடைவெளி என்று எண்ணத்தக்க பல வளையங்களைத் தனித்தனியே அளந்து, அவ்வரிசை முழுவதையும் வளைகோட்டின் ஏற்றத்தாழ்வுகளோடு பொருத்திப் பார்க்கலாம். ஒரு மாதிரிக்குத் தட்டையாகத் தோன்றும் கோட்டில் பல மாதிரிகளின் வரிசை ஒன்றிரண்டு இடங்களில் மட்டுமே பொருந்தும். மரம் கிடைக்காத இடங்களில், ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த மண்ணடுக்குகளின் தானியங்களை அளந்து, ‘கீழது மூத்தது’ என்ற அகழாய்வுச் செய்தியைப் பேய்சிய முறையில் முற்கோளாகச் சேர்க்கலாம். வைகைக் கரையிலும் பொருநைக் கரையிலும் இனி எடுக்கப்படும் மாதிரிகள் மூத்த ஆண்டைத் தேடி ஆழத்திலிருந்து மட்டும் எடுக்கப்படாமல், அடுக்குக்கு அடுக்கு ஓராண்டுப் பயிரின் தானியங்களாக எடுக்கப்பட்டால், மூன்று நூற்றாண்டுக்கும் மேல் விரிந்து கிடக்கும் எல்லைகளைச் சுருக்க வாய்ப்புண்டு.